பின்பாரம்

மலிவு விலை டிரெய்லர் கிட் வாங்குகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, அதோடு வரும் போல்ட்டுகளையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு ஒதுக்கி வைத்துவிட்டு, கடைக்குப் போய் நல்ல போல்ட்டாக வாங்கி வருவது. யாரும் செய்வதில்லை. பெட்டிக்குள் வந்ததுதானே, கணக்குப் பார்த்துத்தானே போட்டிருப்பான் என்று அப்படியே முடுக்கிவிடுகிறார்கள். கணக்குப் பார்த்துத்தான் போட்டிருப்பான். ஆனால் அது அவனுடைய கணக்கு.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், டாரில் தம்பி, நேற்று வெஸ்லியை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் பன்னும் பன்றிக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நீ என் தோளில் கை வைத்து ஒன்று சொன்னாய். "மனசைத் தளர விட்றாதீங்கய்யா. வீட்ல பூட்டுன டிரெய்லர், ரோட்ல கழண்டுக்கிச்சு. யார் மேலயும் தப்பில்ல. இதோட முடிச்சிரலாம்." நல்ல மனதோடுதான் சொன்னாய். உன் அப்பா இந்த நாற்காலியில் ஷெரீப்பாக இருந்தபோதும் இப்படித்தான், எதையும் நல்லபடியாக முடித்துவிடப் பார்ப்பார். ஆனால் நீ சொன்னது தவறு. அந்த டிரெய்லர் கழன்றுகொள்ளவில்லை. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். வெஸ்லி போய்ச் சேர்ந்துவிட்டான், அவனுக்கு இதனால் கூடுதலும் இல்லை குறைவும் இல்லை. டிரெய்லர்தான் இருக்கிறது, உங்கள் கொட்டகையில், கெட்ட பெயரோடு. நீ டைப் அடி. நான் நிதானமாகச் சொல்கிறேன். காப்பி வேண்டாம், உங்கள் ஆபீஸ் காப்பியை நான் ஏற்கெனவே குடித்திருக்கிறேன்.

என் பெயர் ஆர்வோ கங்காஸ். உனக்குத் தெரியும், இருந்தாலும் போட்டுக்கொள். தபால் நிலையத்தில் பார்சல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் கை வழியாகப் போன பார்சல் எதுவும் உடைந்து திரும்பியதில்லை, இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் கேள். இறந்துபோன வெஸ்லி லாத்தி என் மனைவி ஐலாவின் தம்பி. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. அவன்தான் நமக்குப் பிள்ளை மாதிரி என்று ஐலா சொல்வாள். அவனுக்குத் தலை நரைத்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டிரெய்லர் வேண்டும் என்று ஆரம்பித்ததே ஐலாதான். ஏரிக்கரையில் அவள் அப்பா கட்டிய மரவீட்டுக்குக் கோடை முழுக்கப் போய் வருவோம். கூடாரம், அடுப்பு, தூண்டில், ஐஸ்பெட்டி எல்லாம் பிக்கப்பில் அடைத்து, மேலே படகைக் கட்டி, மிச்சத்தை அவள் மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். "மடியில வறுகடாய வச்சுக்கிட்டு எத்தன வருசம்ங்க போறது?" என்று ஒருநாள் கேட்டாள். நியாயமான கேள்வி. மறுவாரமே கிட் வாங்கினேன். இரண்டு அட்டைப்பெட்டிகளில் வந்தது. இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம் என்று கூடவே வந்த புத்தகம் சொன்னது.

நான் ஒரு பனிக்காலம் முழுவதும் எடுத்துக்கொண்டேன். போல்ட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சக்கரத்தின் பேரிங்கில் அவர்கள் அப்பி அனுப்பியிருந்த கிரீஸ், கிரீஸ் மாதிரி நிறம் மட்டும்தான். அதைக் கழுவித் துடைத்துவிட்டு, நல்ல கிரீஸை உள்ளங்கையில் எடுத்து, உருளைக்கு உருளை ஏறும்வரை அழுத்தி நிரப்பினேன். விளக்கு ஒயர்களைச் சும்மா கிள்ளி மாட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் ஈயத்தால் பற்றவைத்து, உரசாமல் இருக்கக் குழாய்க்குள் விட்டேன். தளத்துக்குப் படகுக்கான பிளைவுட் போட்டு, விளிம்பெல்லாம் தண்ணீர் இறங்காமல் பூசினேன். காய்ந்ததும் தேய்த்துவிட்டு மறுபடி பூசினேன். படகை வைக்க மேலே குழாயால் ஒரு தாங்கி. தூண்டில்களுக்குப் பக்கவாட்டில் மூடிபோட்ட குழாய்கள். பின்கதவைத் திறந்தால் சமையல் அடுப்பு தண்டவாளத்தில் வழுக்கிக்கொண்டு வெளியே வரும், பழைய சமையலறை இழுப்பறையிலிருந்து எடுத்த தண்டவாளம். முன்னால் கருவிகளுக்கு ஒரு பெட்டி. மலிவுச் சரக்குதான், ஆனால் நான் முடித்தபோது அதில் மலிவாக இருந்தது எண் பலகை மட்டும்தான்.

அச்சைத் தூக்கிப் பிடிக்க ஒரேயொரு பிற்பகல் இன்னொரு ஆள் தேவைப்பட்டது. வெஸ்லியைக் கூப்பிட்டேன். வந்தான். அச்சின் ஒரு முனையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையில் பீர் வைத்துக்கொண்டு, கராஜ் கதவில் நின்ற ஐலாவைப் பார்த்துச் சொன்னான்: "அக்கா, அத்தான் டிரெய்லர் கட்டுறாரா, இல்ல கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரம் பண்றாரா? இந்தத் தடவு தடவுறாரே!"

ஐலா விழுந்து விழுந்து சிரித்தாள். "உன் அத்தான் என்னைய அவ்வளவு கவனிச்சிருந்தா நான் இன்னும் பத்து வருசம் இளமையா இருந்திருப்பேன்டா" என்றாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. நான் கோபக்காரன் இல்லை, தம்பி. இதை நீ தனியாகப் போட்டுக்கொண்டாலும் சரி.

பனி உருகியதும் அவன் இரவல் கேட்டான். கொடுத்தேன். நம் பக்கத்தில் டிரெய்லர் வைத்திருக்கிறவனுக்கு வேறு வழி கிடையாது. வைத்திருக்கிறோம் என்று தெரிந்துவிட்டால் மாமன் மச்சான் எல்லாம் வந்து நிற்பான். திரும்பி வந்தபோது சேறு அப்பியிருந்தது. அது போகட்டும், கழுவலாம். பின்கதவில் பாட்டில் திறப்பான் ஒன்று முளைத்திருந்தது. நான் இரண்டு முறை பூசிய பலகை விளிம்பில் ஓட்டை போட்டு முடுக்கியிருந்தான். ஓட்டைக்குள் பூச்சு இல்லை. ஒரு மழை போதும், பலகை ஊறி உப்பிவிடும். பக்கத்தில் மான்கொம்புப் படம் ஒன்றும் ஒட்டியிருந்தது.

"எப்படி இருக்கு? ஒரு கெத்து வந்திருச்சுல்ல?" என்றான்.

"ஓட்டை போடும் முன்னாடி கேட்டிருக்கலாம்" என்றேன்.

"ஐயோ அத்தான், ஓட்டைதான போட்டேன், அணுகுண்டா போட்டேன்?"

அந்த ஓட்டையை நான் பிறகு அடைத்தேன். திறப்பானைக் கழற்றவில்லை, ஐலாவுக்கு அது பிடித்திருந்தது.

அந்த வசந்தத்தில் ‘நாங்க கட்டுன டிரெய்லர்’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். கோடைக்குள் அது ‘என் டிரெய்லர்’ ஆகிவிட்டது. ஜூலை நாலு சுதந்திர தின ஊர்வலத்தில் அவன் அதை இழுத்துக்கொண்டு வந்தது உனக்கு நினைவிருக்கும், நீ தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தாய். மேலே அவன் மீன்பிடி நண்பர்கள் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசினார்கள். மைக்கில் பேசியவர், "அடுத்து வர்றது நம்ம வெஸ் லாத்தி, தன் கையாலயே கட்டுன டிரெய்லரோட! கைவேலைன்னா இதுல்லய்யா கைவேலை!" என்றார். வெஸ்லி தொப்பியைக் கழற்றி ஆட்டினான். நான் நடைபாதையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மேலேயிருந்து எவனோ வீசிய மிட்டாய் என் கண்ணாடியில் பட்டது. ஐலா கைதட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து, "நீயாவது சொல்லியிருக்கலாமே, அது யார் கட்டினது என்று" என்றேன்.

"யாரு கட்டுனா என்னங்க, நம்ம வாசல்லதான நிக்குது? அவன் பாவம், பொண்டாட்டியும் போய்ட்டா, வேலையும் போயிருச்சு. ஒருநாள் தொப்பிய ஆட்டிட்டுப் போறான். விடுங்க."

விட்டேன். ஆனால் வலித்தது. அவள் கைதட்டியது எனக்கு வலித்தது, சொல்லிவிடுகிறேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். டிரெய்லருக்குப் பாரம் ஏற்றும்போது முன்பாரம் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அச்சுக்கு முன்னால் கனம் விழ வேண்டும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைக் கையால் தூக்கினால் இடுப்பில் உறைக்க வேண்டும். உறைத்தால் நல்லது, காரோடு ஒட்டிக்கொண்டு ஒழுங்காக வரும். தண்டு லேசாக இருந்தால் பின்பாரம் என்று அர்த்தம். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. வேகம் பிடித்ததும், அதிலும் இறக்கத்தில், வாலை ஆட்ட ஆரம்பிக்கும். ஆட ஆரம்பித்தால் ஓட்டுகிறவனுக்குப் பிரேக்கை மிதிக்கத்தான் தோன்றும். மிதித்தால் தீர்ந்தது. அனுபவம் இல்லாதவர்களுக்கு இது தலைகீழாகப் படும். தண்டு லேசாக வந்தால், அடடா, எவ்வளவு சமமாக ஏற்றியிருக்கிறான் என்று நினைப்பார்கள்.

வெஸ்லி அப்படி நினைக்கிற ஆள். ஆகஸ்டில் ஏரி படகுத்துறையில், அவன் நண்பர்கள் எல்லோரும் நின்றிருக்க, நான் ஏற்றி வைத்திருந்த டிரெய்லரின் தண்டைத் தூக்கிப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூத்தடித்தான். "என்ன அத்தான் இது, முன்னாடி யானையக் கட்டி வச்சிருக்கீங்களா? தபாலாபீஸ்ல முப்பது வருசம் பார்சல் ஏத்துன ஆளு, ஒரு டிரெய்லர சமமா ஏத்தத் தெரியலயே!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் பொறுமையாக விளக்கினேன். முன்பாரம் இல்லாவிட்டால் வால் ஆடும், ஆடினால் வண்டியையே கவிழ்த்துவிடும் என்று சொன்னேன்.

"வால் ஆட்டுனா நல்லதுதான? நம்மளப் பாத்து சந்தோசப்படுதுன்னு அர்த்தம்" என்றான் வெஸ்லி. மறுபடியும் சிரிப்பு.

ஆக, அவனிடம் சொல்லியாயிற்று. சாட்சிகளோடு சொல்லியாயிற்று. இதை அழுத்தமாகப் போட்டுக்கொள். ஒரு மனிதனுக்கு ஒரு விஷயத்தை ஒருமுறை தெளிவாகச் சொன்ன பிறகு, அதற்கு மேல் அவன் பாடு.

செப்டம்பர் முதல் வார விடுமுறைக்கு எல்லோருமாக மரவீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே சவுனாவின், அதாவது நீராவிக் குளியல் அறையின், அடுப்பு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. புது இரும்பு அடுப்பு வாங்கியிருந்தேன், கூடவே அடுப்பின் மேல் அடுக்கும் கற்கள், வாளி வாளியாக. வெஸ்லி தன் காரிலேயே டிரெய்லரை இழுத்து வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அங்கே நண்பர்கள் காத்திருந்தார்கள். அவன் டிரெய்லரோடு வந்து இறங்குவதை அவர்கள் பார்க்க வேண்டும். அவன் கார் சின்னது, லேசானது. சரி என்றேன். காரின் பின்னால் மாட்டும் இரும்புக் குண்டை நானே முடுக்கிக் கொடுத்தேன்.

முந்தின நாள் தனியாகத்தான் ஏற்றினேன். வழக்கமாக நான் அடுப்பு மாதிரி கனத்தையெல்லாம் அச்சுக்கு நேர் மேலேயோ கொஞ்சம் முன்னாலோ வைப்பேன். அன்றைக்குப் பின்கதவை ஒட்டி வைத்தேன். இதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே போனதும் முதலில் இறக்க வேண்டியது அடுப்பு. முதலில் இறக்குவதைக் கடைசியில் ஏற்ற வேண்டும், பார்சல் பிரிவில் சேர்ந்த முதல்நாளே இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். கல் வாளிகளையும் அதன் பக்கத்திலேயே வைத்தேன், அடுப்பும் கல்லும் ஒன்றாக இறங்க வேண்டியவை. தூங்கும் பைகள், தலையணை, கூடாரம் எல்லாம் முன்னால். முன்பெட்டியில் இருந்த கருவிகளை எடுத்து என் பிக்கப்பில் போட்டுக்கொண்டேன், பாதி வழியில் எனக்குத் தேவைப்படலாம். எல்லாவற்றையும் பட்டை போட்டு இறுக்கிக் கட்டினேன். ஒரு பொருள் அசையாது. தனித்தனியாக எடுத்துப் பார், ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கும்.

எண்ணம் என்ன என்று கேட்பாய். ஒரு சின்னப் பாடம். நேர் ரோட்டில் கொஞ்சம் வால் ஆடும், பயந்துபோய் ஓரமாக நிறுத்துவான், நான் பின்னாலேயே வந்து இறங்கி, "என்ன மாப்ளே, சந்தோசமா வால் ஆட்டுதா?" என்று கேட்பேன். அந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு வேண்டியிருந்தது. அதை நான் ஷேவ் செய்யும்போது இரண்டு மூன்று மாதிரி சொல்லிப் பார்த்தேன்.

மறுநாள் காலை வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். நீங்க தூக்க வேணாம், தள்ளி நில்லுங்க என்று என்னிடம் சொல்லிவிட்டு, தண்டை ஒற்றைக் கையால் தூக்கினான். இறகு மாதிரி வந்தது. அப்படியே நின்று என்னைப் பார்த்தான். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அத்தான்!" என்றான். "இப்பத்தான்யா உங்களுக்கு டிரெய்லர் ஏத்தத் தெரிஞ்சிருக்கு! அக்கா, வந்து பாரு, ஒரு விரல்ல தூக்குறேன் பாரு. கலக்கிட்டீங்க அத்தான். நான் சும்மா உங்கள ஓட்டிக்கிட்டே இருப்பேன், ஆனா கைவேலைல உங்கள அடிச்சுக்க இந்த ஊர்ல ஆளு கிடையாது."

எனக்குத் தெரிந்து அவன் என்னை மனதாரப் பாராட்டியது அந்த ஒருமுறைதான். எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. நன்றி என்று சொன்னேன்.

தண்டைக் குண்டில் உட்கார வைத்துப் பூட்டினேன். பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தேன். சங்கிலிகளைத் தண்டுக்கு அடியில் குறுக்காக மாட்டினேன், தண்டு கழன்றாலும் தரையில் குத்தாமல் தாங்கிக்கொள்ளும். பின்னால் போய் நின்றேன். வெஸ்லி பிரேக்கை மிதிக்க, எரியுது என்றேன். இடது விளக்கு, எரியுது. வலது விளக்கு, எரியுது. எதிலும் குறை வைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஹார்வி புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேலி ஓரம் வந்து நின்றான். "ஏம்ப்பா வெஸ், உன் டிரெய்லருக்கு இவ்வளவு பரிசோதனையா?" என்றான். உன் டிரெய்லர் என்றான்.

அப்போதுதான் ஐலா கறிப்பணியாரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, வெஸ்லியின் காரில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். என்னோடு வருவதாகத்தான் பேச்சு.

"நீ இதிலயா வர்றே?" என்றேன்.

"உங்க வண்டியில ரேடியோகூடக் கிடையாது. வழியெல்லாம் பேரிங்கப் பத்திப் பேசிக்கிட்டே வருவீங்க. இவன்கூட வந்தா சிரிச்சிக்கிட்டே போயிரலாம்" என்றாள். பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

தம்பி, நீ டைப் அடிப்பதை நிறுத்திவிட்டாய். அடி. இந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துவிட்டேன், அதனால் தெளிவாகவே சொல்ல முடியும். நேரம் இருந்தது. நான் கார் கதவுப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடி இறங்கித்தான் இருந்தது. ஆனால் என்ன சொல்வது? இறங்கு ஐலா, பாரம் சரியில்லை என்றா? அங்கே வெஸ்லி இருக்கிறான். வேலி ஓரம் ஹார்வி நிற்கிறான். ஆர்வோ கங்காஸ் ஏற்றிய பாரம் சரியில்லை என்று ஆர்வோ கங்காஸே தன் வாயால் சொல்வதா? சொல்லியிருந்தால் அந்த வெஸ்லி சாகிறவரைக்கும் சொல்லிக் காட்டியிருப்பான். வேறு ஏதாவது சாக்குச் சொல்லி அவளை இறக்கியிருக்கலாம் என்று உனக்குத் தோன்றும். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"வேகமாப் போகாதே" என்று மட்டும் வெஸ்லியிடம் சொன்னேன். என் கடமையை நான் செய்தேன்.

"ஆகட்டும் பாட்டி" என்றான் அவன். ஐலா சிரித்தாள். கிளம்பினார்கள்.

நான் பின்னால் போனேன், விட வேண்டிய இடைவெளி விட்டு. நேர் ரோட்டில் டிரெய்லர் லேசாக அசைந்தது. அவன் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் நிறுத்தியிருப்பான், எல்லாம் நான் நினைத்தபடி நல்லவிதமாக முடிந்திருக்கும். ஐலா பின்னால் திரும்பி என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். பிறகு கோஸ்கி இறக்கம் வந்தது.

இறக்கத்தில் அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. டிரெய்லர் இந்தப் பக்கம் ஒருமுறை போனது, அந்தப் பக்கம் ஒருமுறை. அடுத்தமுறை இன்னும் கொஞ்சம் அகலமாக. ஹார்ன் அடிக்கலாமா என்று யோசித்தேன்; ஹார்ன் சத்தத்தில் ஓட்டுகிறவன் பதறிவிடுவான், அது ஆபத்து. அவனுடைய பிரேக் விளக்குகள் எரிந்தன. டிரெய்லரின் விளக்குகளும் சேர்ந்து எரிந்தன, இரண்டும், பளிச்சென்று. அந்தக் குலுக்கலிலும் நான் பற்றவைத்த ஒயர் ஒன்றுகூட விடவில்லை. கார் குறுக்கே திரும்பியது. இரண்டும் சேர்ந்தாற்போல் தடுப்பைத் தாண்டிக் கீழே போயின.

நான் ஓரமாக நிறுத்தி, எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு இறங்கினேன். சரிவில் கவனமாகத்தான் இறங்க வேண்டியிருந்தது. முதலில் டிரெய்லர்தான் கிடந்தது, கவிழ்ந்து. குனிந்து தண்டைப் பார்த்தேன். பூட்டு விழுந்தது விழுந்தபடி இருந்தது. குண்டும் அதற்குள் இருந்தது. காரிலிருந்து சட்டத்தோடு பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. சட்டம் காருடையது. சங்கிலி அறவில்லை. சுற்றி வந்து போல்ட்டுகளைப் பார்த்தேன். ஒன்றுகூட, தம்பி. ஒரு நட்டுகூட நெகிழவில்லை. சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். அவ்வளவு நிம்மதி எனக்குச் சமீபத்தில் எதிலும் வந்ததில்லை, ஒளிப்பானேன்.

ஐலா கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அதைப் பிறகுதான் கவனித்தேன். ‘ஆர்வோ, ஆர்வோ’ என்று என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். "வெஸ் எங்க? வெஸ்ஸப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவனைப் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

மீதி உனக்கே தெரியும். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது, இனி ஐலா நடப்பாளா என்று டாக்டர்களுக்கே நிச்சயமில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து நீ அவளிடம் கேட்டாய், நானும் பக்கத்தில்தான் இருந்தேன். பாரம் ஏற்றியதில் ஏதாவது கோளாறு இருந்திருக்குமா என்று கேட்டாய். அவளுக்கு மூச்சு விடவே சிரமம், இருந்தாலும் சொன்னாள். "ஏத்துனது எங்க வீட்டுக்காரரு. அவரு ஏத்துனா ஒரு முட்டை உடையாது. அதுல சந்தேகமே வேணாம் தம்பி."

அங்கேதான் சிக்கல் வந்தது. நீயே யோசித்துப் பார். பாரம் சரியென்றால் பழி எங்கே போகும்? கட்டுமானத்துக்குத்தான் போகும். போய்விட்டது. சர்ச்சில் நீ மட்டும் சொல்லவில்லை. காப்பி வாங்க வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் அவன் மீன்பிடி நண்பன் ஒருத்தன் இன்னொருத்தனிடம் சொல்கிறான், "மலிவுக் கிட்டுதானய்யா. வெஸ் நல்லவன்தான், ஆனா அவனுக்குக் கைவேலை என்ன தெரியும்? ஏதோ தெரிஞ்ச மாதிரி பூட்டியிருக்கான், பிச்சுக்கிச்சு." என் காதுபடச் சொன்னான். கையில் பன்னை வைத்துக்கொண்டு நான் நின்றேன். அவன் உயிரோடு இருந்தபோது நன்றாகக் கட்டிய டிரெய்லர் அவன் கட்டியது. செத்ததும் மோசமாகக் கட்டிய டிரெய்லரும் அவன் கட்டியது. இரண்டுமே பொய்.

ராத்திரி முழுக்க இதுதான். வெஸ்லியின் ஞாபகம் வரவில்லையா என்றால், வந்தது. ஐலாவின் ஞாபகமும் வந்தது. அவள் விழித்ததும் இதையெல்லாம் நீதான் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லும்போது, பாரத்தைப் பற்றி அவள் சொன்னதில் பிழையில்லை என்பதையும் சொல்லிவிடு. அவள் என்னைச் சரியாகத்தான் புரிந்துவைத்திருந்தாள்.

ஆகவே இதுதான் என் வாக்குமூலம். அந்த டிரெய்லரைக் கட்டியது நான், தனியாக. அது எந்த இடத்திலும் கழலவில்லை, உடையவில்லை. உங்கள் மெக்கானிக் யாரையாவது கூப்பிட்டுப் போல்ட் போல்ட்டாகப் பார்க்கச் சொல். வெஸ்லி லாத்தி செத்ததற்குக் காரணம் நான் அடுப்பை வைத்த இடம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

"ஐயா, ஒரு நிமிசம்" என்கிறாய். வக்கீல் வேண்டுமா என்கிறாய். வேண்டாம். அவனை மிரட்டத்தான் நினைத்தேன், கொல்ல நினைக்கவில்லை என்றும் போடட்டுமா என்கிறாய். நல்ல பையன் நீ, உன் அப்பா மாதிரியே. போட்டுக்கொள். இப்போது எழுதினவரைக்கும் வாசி பார்ப்போம்.

கேட்டேன். ஒரே ஒரு திருத்தம். ‘டிரெய்லரில் பாரத்தைத் தவறாக ஏற்றினேன்’ என்று அடித்திருக்கிறாய் பார், அதில் அந்தத் ‘தவறாக’ என்பதை எடுத்துவிடு. நான் எந்தப் பாரத்தையும் தவறாக ஏற்றியவன் இல்லை. அன்றைக்கும் அந்த அடுப்பு எங்கே இருக்க வேண்டுமோ அங்கேதான் இருந்தது.